ஆறு அம்பியர் மின்சாரமும் பதினோராவது மாசியமும்

இந்தப் பக்கத்தில் நான் எதுவும் எழுதிப் பதினொரு மாதமாகிறது. முன்பு கோயில் திருவிழாவுக்குப் போன கதை, பாரிசுக்கு பஸ்ஸில் போய் வந்த கதை எல்லாம் எழுதியிருக்கிறேன். நான் எழுத எழுத என் கணவர் பக்கத்தில் இருந்து எழுத்துப் பிழை பார்ப்பார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். போன வருடம் ஆடி மாதம் அவர் போய்விட்டார். வேலையால் வந்து கதிரையில் இருந்தவர் நெஞ்சு நோகிறது என்றார், அவ்வளவுதான். ஆகவே இதில் பிழை இருந்தால் நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கொலோனில் எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் இந்தக் கோடையில் வோன்மொபில் எடுத்து ஏரிக்கரைக்குப் போகப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வோன்மொபில் என்றால் படுக்கை, குசினி, கக்கூசு எல்லாம் உள்ளே உள்ள பெரிய வான் வண்டி. நான் யூன் மாதத்தில் அதில் வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை இருந்துவிட்டு வந்தேன். போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

நானாகக் கேட்டுப் போன பயணம் இல்லை. என் மகள் துஷா, மருமகன் கஜன், பேத்தி அனிஷா மூன்று பேரும் வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்கு லீவு, வெள்ளி பள்ளிக்கூடமும் பூட்டு. வந்து நின்றுகொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்போதே விளங்கியது, ஏதோ வில்லங்கம் என்று.

"அம்மா, நாளைக்குக் காலமை வெளிக்கிடுறம். வோன்மொபில் புக் பண்ணியாச்சு. நீங்கள் வீட்டுக்குள்ளயே கிடக்கிறியள். கொஞ்சம் காத்துப் படட்டும்," என்றாள் துஷா.

"எத்தினை நாள்?"

"ஞாயிற்றுக்கிழமை வந்திடுவம்."

"சனிக்கிழமை மாசியம்," என்றேன்.

கஜன் உடனே கைபேசியை எடுத்தார். "இல்லை மாமி. மாமா செத்தது இருபத்திரண்டாம் திகதி. மாசா மாசம் இருபத்திரண்டு எண்டு நான் பதிஞ்சு வைச்சிருக்கிறன். இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு."

நான் சுவரில் தொங்குகிற கோயில் கலண்டரைக் காட்டினேன். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மாசியம் என்பது ஒருவர் செத்த பிறகு மாதத்துக்கு ஒரு முறை சைவமாகச் சமைத்து அவருக்குப் படைப்பது. அது இங்கிலீசு மாதத் திகதிப்படி வராது. அவர் கண் மூடிய அன்று நிலவு எந்த நிலையில் நின்றதோ, அந்தத் திதிப்படி வரும். அவருக்குத் தேய்பிறை சப்தமி. ஒவ்வொரு மாதமும் ஒரு நாள், அரை நாள் என்று பின்வாங்கிக்கொண்டே போகும். பதினொரு மாதத்தில் பத்து நாள் வித்தியாசம் வந்துவிட்டது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் சொன்ன நாளுக்குத்தானே வந்து படைச்சனீங்கள் தம்பி? ஒருக்காலும் யோசிக்கேல்லையோ?"

"நீங்கள் உங்கட வேலை லீவைப் பாத்து முன்ன பின்ன வைக்கிறியள் எண்டு நினைச்சன் மாமி."

எனக்குத் தலையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. எனக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது கஜன்தான். மாதா மாதம் குளித்து வேட்டி கட்டி வந்து படைக்கிறதும் அவர்தான். நான் முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறேன். என் லீவைப் பார்த்துச் செத்த மனுசனுக்குச் சாப்பாடு வைப்பேன் என்று பத்து மாதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்றேன். படைக்கிற ஆள் இல்லாமல் எப்படிப் படைப்பீர்கள் என்றாள் துஷா. வண்டியை இனி வேண்டாம் என்று சொன்னால் கட்டின காசு முழுவதும் போகும் என்றார் கஜன். அனிஷா அழத் தொடங்கினாள். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன். சனிக்கிழமை அங்கேயே சமைத்து, எங்கள் வீட்டு முறைப்படி பன்னிரண்டு மணிக்குள் படைக்க வேண்டும். அதற்கு ஓம் என்றால் வருகிறேன்.

மூன்று பேரும் ஓம் என்றார்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த மாதம் அவருடைய ஆட்டைத் திவசம். அதோடு வருடம் முடிகிறது. பிறகு மாசியம் கிடையாது, வருடத்துக்கு ஒரு தரம் திவசம் மட்டும்தான். ஆகவே இது கடைசி மாசியம். முப்பத்தொரு வருடம் அந்த மனுசனுக்குச் சமைத்தேன். செத்த பிறகும் மாதத்துக்கு ஒரு நாளாவது சமைக்க இருந்தது. அதில் கடைசியை ஒரு வானுக்காக விட நான் ஆயத்தமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி எடுக்கப் போனோம். வாடகை நாளுக்கு 139 ஐரோ, குறைந்தது மூன்று நாள் எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு முறை 120 ஐரோ, எதற்கு என்று கேட்டால் விளக்கம் சொல்கிறதற்கு என்கிறார்கள். விளக்கம் ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. நல்ல தண்ணீர் எங்கே விடுவது, கழுவின தண்ணீர் எங்கே திறந்து விடுவது, கக்கூசுப் பெட்டியை எப்படி இழுத்து எடுப்பது என்று எல்லாம் காட்டினார்கள். ஆயிரம் ஐரோ முற்பணமாக அட்டையில் பிடித்து வைத்தார்கள்.

கஜன் ஃபெர்த்ராக், அதுதான் ஒப்பந்தம், அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி மட்டும் வாசிக்கிற ஆள். வாசித்துவிட்டு முகம் சுருங்கி வந்தார்.

"மாமி, உள்ளுக்க பொரிக்க ஏலாதாம். மணம் வாற சமையல் ஒண்டும் ஏலாதாம். மணம் பிடிச்சா கழுவிற செலவு எங்கட தலையிலையாம்."

"அடுப்பு எதுக்கு வைச்சிருக்கிறாங்கள்?"

"தண்ணி சுட வைக்கவாக்கும்."

சரி, வெளியே சமைப்போம் என்று சொல்லி, வீட்டுக்குப் போய் றைஸ் குக்கரையும் மின்சார அடுப்பையும் எடுத்தேன். மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் படாத சட்டி மூன்று, அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால், கத்தரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய், தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலை, சின்ன விளக்கு, அவருடைய படம். கஜன் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"வண்டிப் பாரம் மூண்டரைத் தொன்னுக்கு மேல போனா பொலிஸ் பிடிக்கும் மாமி. உதுக்குள்ள என்ன, அம்மியோ?"

"மிக்ஸி. அம்மி வேணுமெண்டா சொல்லுங்கோ, கீழ் வீட்டு அக்காட்டை இருக்கு."

கொலோனிலிருந்து கிழக்கே 94 கிலோமீற்றர். மலைப்பக்கத்தில் ஒரு அணைக்கட்டு ஏரி. இடத்தின் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பராமரிப்பாளரோடு எனக்கு இனி வழக்கு வேண்டாம். பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டு ஒன்று பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் தடுப்புக் கம்பை இறக்கி வழியை மறித்திருந்தது. உள்ளே ஒரு ஆள் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தார். அவர்தான் பராமரிப்பாளர். அரைக் காற்சட்டை, இடுப்பில் பெரிய திறப்புக் கோர்வை.

கஜன் இறங்கிப் போய்க் கதைத்தார். திரும்பி வந்து, "மத்தியான அமைதி நேரமாம். ஒண்டில இருந்து மூண்டு மட்டும் ஒரு வாகனமும் உள்ள போக ஏலாதாம்," என்றார்.

"பன்னிரண்டு நிமிசம்தானே பிந்தினது? கேக்கேல்லையோ?"

"கேட்டனான். பன்னிரண்டு நிமிசமும் பிந்தினதுதானாம்."

ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிடம் வீதியோரத்தில் நின்றோம். வெயில். வண்டி ஓடுகிறபோது மட்டும்தான் உள்ளே குளிரூட்டி வேலை செய்யும். என் கணவர் இருந்திருந்தால் இறங்கி நின்று சிரித்திருப்பார். காம்பிங் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் சொல்வது, "வந்த புதுசில அகதி முகாமில ரெண்டு வருசம் கொண்டெய்னர் பெட்டிக்குள்ள கிடந்தனான். இனிக் காசு குடுத்துப் பெட்டிக்குள்ள படுக்க எனக்கென்ன விசரோ?" துஷா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எத்தனையோ தரம் கேட்டாள். ஒருநாளும் மசியவில்லை. அந்த வெயிலில் அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரியென்று எனக்குப் பட்டது.

மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். மூன்று பெரியவர்கள், ஒரு பிள்ளை, வண்டி, எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 51 ஐரோ. மின்சாரம் 4 ஐரோ. எங்களுக்குத் தந்த இடம் சரிவு. சில்லுக்குக் கீழே ஆப்பு வைத்து மட்டமாக்க வேண்டும். கஜன் முன்னே எடுக்க, துஷா பின்னே நின்று கை காட்ட, பக்கத்து இடத்து அம்மா கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தார். எழுபது வயதிருக்கும். வருடம் முழுக்க அங்கேயே தன் வண்டியை வைத்திருக்கிறவராம். சுற்றி வேலி, பூச்சட்டி, தபால் பெட்டி கூட இருக்கிறது. நாற்பது நிமிடம் பார்த்துவிட்டு, "இன்னும் சரிவுதான்," என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏரி வடிவுதான், அதில் பொய் சொல்லக் கூடாது. கரையிலிருந்து வண்டிக்கு 150 மீற்றர். அனிஷா தண்ணீரில் இறங்கி ஏழு மணி வரை ஏறவில்லை. நான் கரையில் இருந்து நாளைக்கு எதை முதல் அடுப்பில் வைப்பது என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். துஷா வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நல்லாயிருக்கோ அம்மா?"

"ஓம்."

"சும்மா சொல்லாதேங்கோ."

"அப்ப ஏன் கேக்கிறாய்?"

இரவு படுத்தது சாப்பாட்டு மேசையில். மேசையைக் கீழே இறக்கி மெத்தை போட்டால் கட்டிலாம். என் உயரம் ஐந்தடி. அதற்கே கால் குசினிக்குள் நின்றது.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்குக் குளிக்கப் போனேன். பொதுக் குளிப்பறை. வரவேற்பில் காசு மாதிரி ஒரு வில்லை வாங்கிப் போட வேண்டும், ஒரு வில்லை ஒரு ஐரோ, ஐந்து நிமிடம் தண்ணீர் வரும். எனக்கு இடுப்பு வரை தலைமயிர். முழுகி, ஷாம்பூ போட்டுத் தேய்க்கிற நேரத்தில் தண்ணீர் நின்றது. கையில் வேறு வில்லை இல்லை. தலையில் நுரையோடு துவாயைச் சுற்றிக்கொண்டு வண்டிக்கு வந்து, போத்தல் தண்ணீரில் கழுவினேன். பெண்கள் போனால் ஆளுக்கு மூன்று வில்லை வாங்குங்கள்.

வந்து பார்க்கிறேன், கஜன் பாண் வாங்கிக்கொண்டு வருகிறார். வாய் அசைகிறது.

"தம்பி, சாப்பிடுறியளோ? படைக்கிற ஆள் நீங்களெல்லே!"

நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "ஐயோ மாமி. மறந்து போனன். பாதி பாண்தான்."

"உள்ளுக்க என்ன?"

"கேஸ."

பாற்கட்டிதானே, பாலில் இருந்துதானே வருகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். மிச்சப் பாதியை அனிஷாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு அவரைக் குளிக்க அனுப்பினேன்.

ஒன்பது மணிக்கு வெளியே மடிப்பு மேசையைப் போட்டு, றைஸ் குக்கரில் அரிசியும் மின்சார அடுப்பில் பருப்பும் வைத்தேன். ஒன்பது நாற்பதுக்கு டக் என்று ஒரு சத்தம். இரண்டும் நின்றன. பக்கத்து வண்டிக்குள் பாட்டும் நின்றது. அந்த அம்மா இரவு உடுப்போடு, கையில் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்தார்.

"மின்சாரத்தை நிறுத்தியது நீங்களா? என் கோப்பி பாதியில் நிற்கிறது."

எங்கள் வரிசை நாலு வண்டிக்கும் ஒரே மின்சாரப் பெட்டி. பெட்டி பூட்டு. திறப்பு அந்தப் பராமரிப்பாளரின் இடுப்பில். அவர் வள்ளம் கட்டுகிற இடத்தில் நின்றார். கஜன் ஓடிப் போய்க் கூட்டி வரப் பத்து இருபது. பெட்டியைத் திறப்பதற்கு முதல் எங்கள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இங்கே ஆறு அம்பியர். பலகையில் எழுதியிருக்கிறது. இந்த அடுப்பை இங்கே போடவே கூடாது. அது என்ன?"

"சோறு காய்ச்சுகிற குக்கர்," என்றேன் டொச்சில்.

"அது மட்டும். வேறு எதுவும் வேண்டாம். இன்னொரு முறை மின்சாரம் நின்றால் நான் உடனே வர மாட்டேன்."

அவர் போன பிறகு நாங்கள் கூடிக் கதைத்தோம். குக்கரில் சோற்றை இறக்கிவிட்டு, அதற்குள்ளேயே பருப்பு, பிறகு பூசணி, பிறகு கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாக வைப்போம். வடையை விடுவோம், பாயசத்தை விடுவோம். பத்து நாற்பது. நேரம் இருக்கிறது. சோறு கொதிக்கத் தொடங்கியது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து துஷா உள்ளே அனிஷாவின் தலையை உலர்த்துகிற மெசினைப் போட்டாள்.

டக்.

"அம்மா, சொறி! ஈரத் தலையோட நிண்டா பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல் வந்திடும் எண்டு..."

"உன்ர பிள்ளைக்குத் தடிமன் வரும். செத்த உன்ர கொப்பருக்குச் சோறில்லை."

பக்கத்து அம்மா இந்த முறை வெளியே வரவில்லை. யன்னல் சீலையை மட்டும் விலக்கிப் பார்த்தார். அது அதைவிட மோசம். கஜன் வரவேற்புக்கு ஓடினார். பதினொன்று இரண்டுக்குத் திரும்பி நடந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"சனிக்கிழமை பதினொண்டோட பூட்டாம். மூண்டு மணிக்குத்தான் திறப்பினமாம். அந்தாளையும் காணேல்லை."

சோறு பாதிதான் அவிந்திருந்தது. கறி ஒன்றும் இல்லை. நான் வண்டிக்குள் இருக்கிற அடுப்பைப் பார்த்தேன். மூன்று வாய் காஸ் அடுப்பு, ஒரு கறை இல்லாமல் மினுங்கிக்கொண்டு நிற்கிறது.

"தம்பி, அதைப் பத்த வையுங்கோ."

"மாமி, ஃபெர்த்ராக்ல..."

"யன்னல் எல்லாத்தையும் திறப்பம்."

"மணம் துணியில பிடிக்கும் மாமி. கையெழுத்து வைச்சிருக்கிறன். மூண்டு மணிக்கு மின்சாரம் வந்திடும். பின்னேரம் படைச்சா என்ன? ஒரு நாள்தானே?"

ஒரு நாள்தானே. அந்தச் சொல்லோடு எனக்கு வந்த கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"உங்கட அப்பா உயிரோட இருக்கிறார் தம்பி. உங்களுக்கு ஃபெர்த்ராக்தான் பெரிசு."

"அம்மா!" என்றாள் துஷா.

நான் பையைத் திறந்து சட்டிகளை அடுக்கத் தொடங்கினேன், பஸ் எடுத்து வீட்டுக்குப் போகிறதென்று. பஸ் எங்கே நிற்கும் என்றும் தெரியாது. அப்போது கஜன் எழும்பி வண்டிக்குப் பின்னால் போனார். காஸ் உருளையின் வாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. உள்ளே ஏறி, யன்னல் ஆறையும் கூரைக் கதவையும் திறந்தார். அடுப்பைப் பற்ற வைத்தார். ஒப்பந்தக் கடதாசி மேசையில் கிடந்தது, எடுத்து லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"கெதியா வாங்கோ மாமி. ஐம்பது நிமிசம்தான் கிடக்கு."

அந்த ஐம்பது நிமிடம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பாதி அவிந்த சோற்றைச் சட்டிக்கு மாற்றினேன். ஒரு வாயில் சோறு, ஒரு வாயில் பருப்பு, ஒரு வாயில் பூசணி. துஷா வெளியே நின்று கத்தரிக்காயும் வாழைக்காயும் வெட்டி யன்னலால் நீட்டினாள். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சு விட இடமில்லாத குசினி. பருப்பு இறக்கிய உடனே கத்தரிக்காயைப் பொரிக்கப் போட்டேன். அவருக்குக் கத்தரிக்காய் பொரித்துக் கடைசியில் பால் விட்டு இறக்க வேண்டும். வேறு எது இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும். எண்ணெய் சூடேறிச் செத்தல் மிளகாய் போட்டதுதான், கூரையில் இருந்த புகை மணி கத்தத் தொடங்கியது.

அந்தச் சத்தம் ஏரிக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். அனிஷா நீந்துகிற பலகையை எடுத்து வந்து அதற்குக் கீழே நின்று விசுக்கினாள். கஜன் பொத்தானை அழுத்த, ஒரு நிமிடம் நின்று திரும்பக் கத்தியது. பக்கத்து அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"நெருப்பா?"

"கத்தரிக்காய்," என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மேசையில் அனிஷா அடுக்கி வைத்த படம், வாழையிலை, விளக்கு. "யார் அது?" என்று கேட்டார்.

"என் மனுசன்."

தலையை ஒரு முறை ஆட்டினார். பிறகு, "கதவை அகலத் திறந்து வையுங்கள், புகை போகும்," என்று சொல்லித் தானே கதவை இழுத்துக் கொக்கியில் கொழுவி விட்டுப் போனார்.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு இலை போட்டேன். சோறு, பருப்பு, பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய். வெளியே காற்று, விளக்கு நிற்காது என்று உள்ளேயே வைத்தோம். கஜன் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கூரை இடிக்கும் என்று குனிந்து நின்று தண்ணீர் தெளித்தார். கற்பூரம் கொளுத்த விடவில்லை நான், அந்த மணிக்குப் பயந்து. ஒவ்வொருவராகக் கும்பிட்டோம். நான் கும்பிட்டபோது ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. உப்புச் சரியோ என்றுதான் மனதில் வந்தது. ருசி பார்க்காமல்தானே படைக்கிறது.

காகத்துக்கு வைக்க ஒரு உருண்டை எடுத்து வெளியே போனேன். பறவைகளுக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று மரத்துக்கு மரம் பலகை. வேலியோரத்தில், ஒருவரும் பார்க்காத இடத்தில் இலைத் துண்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். காகம் ஒன்றையும் காணவில்லை. கரைப்பக்கம் இருந்து நாலு வாத்துகள் வந்தன. கண்ணைச் சுற்றிக் கறுப்பாக இருக்குமே, ஏரிக்கரை எங்கும் மேய்கிற பெரிய சாதி, அது. சோற்றையும் தின்று இலையையும் கிழித்தன.

"அம்மம்மா, இது காகம் இல்லையே," என்றாள் அனிஷா.

"இல்லைத்தான். பேசாமல் நில், தின்னட்டும்."

சாப்பிட்டது வெளியே மடிப்பு மேசையில். கஜன் தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது, ஆனால் நான் அப்படிக் கேட்டுப் பழகவில்லை. அப்பளம் கூடப் பொரிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"மாமி," என்றார் கஜன். "ஆட்டைக்குப் பிறகு மாசா மாசம் இல்லையோ?"

"இல்லை. முறை அப்பிடித்தான். வருசத்துக்கு ஒருக்கா."

சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தார். "எனக்கு அது தெரியாது," என்றார். பிறகு இலையை என் பக்கம் தள்ளி, "கத்தரிக்காய் இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றார். நான் சட்டியில் இருந்த முழுவதையும் போட்டேன்.

அந்த நாலு வாத்துகளும் பின்னேரம் முழுக்கப் பக்கத்து அம்மாவின் வேலிக்குள் நின்று பூச்சட்டியைக் கொத்தின. யார் சாப்பாடு வைத்தது என்று அவருக்குத் தெரியும். மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது, எங்களுக்கு இனித் தேவை இல்லாத நேரத்தில்.

ஞாயிறு காலை பத்து மணிக்குள் இடத்தை விட வேண்டும். அதற்கு முதல் கக்கூசுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிக் கழுவுகிற வேலை. கஜன் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு செய்தார். துஷாவும் நானும் சுவர், அலமாரி, திரைச்சீலை எல்லாம் வினாகிரி போட்டுத் துடைத்தோம். கொலோனில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறபோது அந்த ஆள் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். அவர் வாய் திறப்பதற்கு முதலே கஜன், "நாங்கள் உள்ளே சமைத்தோம், பொரித்தோம்," என்று சொல்லிவிட்டார். முற்பணத்தில் 180 ஐரோ வெட்டினார்கள். கஜன் கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை, நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று.

போகிறவர்களுக்கு நான் சொல்கிறது இதுதான். ஒரு மணிக்கு முதல் போய்ச் சேருங்கள், இல்லாவிட்டால் மூன்று மணிக்குப் பிறகு போங்கள், நடுவில் போகாதீர்கள். இடம் பதிவு செய்யும்போதே மின்சாரம் எத்தனை அம்பியர் என்று கேளுங்கள். பதினாறு என்றால் குக்கரும் போடலாம், வேறு ஒன்றும் போடலாம். ஆறு என்றால் வெளியே வைத்துச் சமைக்கிற சின்னக் காஸ் அடுப்பு ஒன்று கொண்டு போங்கள், கடையில் 30 ஐரோவுக்கு இருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் சமையல் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று காசு கட்டுவதற்கு முதல் வாசியுங்கள். சரிவான இடம் தந்தால் வேறு இடம் கேளுங்கள்.

துக்க வருடத்தில் இப்படிப் போகலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் தங்களுக்காகக் கேட்டது போலத்தான் இருந்தது. போகலாம். ஆனால் வீட்டில் இளம் ஆட்கள் இருந்தால், திதி என்றால் என்ன, அது ஏன் நகருகிறது என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். பத்து மாதமாக நான் நாளை மட்டும்தான் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. அது என் பிழை, கஜனின் பிழை இல்லை. அவர் இதை வாசிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

காற்றுப் பட்டதா என்று துஷா கேட்கிறாள். பட்டது. மூன்று நாளும் நான் அழவில்லை. எரிச்சலில் நேரம் கிடைக்கவில்லை.

சாமான் அளவும் கேட்பீர்கள். மூன்று பெரியவர்களும் ஒரு பிள்ளையும் என்றால் ஒரு வேளைக்குப் பால் டின் அளவில் இரண்டு சுண்டு அரிசி தாராளமாகக் காணும். நான் எப்போதும் போல மூன்று சுண்டு போட்டுவிட்டேன். அன்றைக்கு அவருக்கும் பங்கு இருந்தது, பரவாயில்லை. அடுத்த முறை எங்கே போனாலும் இரண்டுதான் போட வேண்டும். கை கேட்குமோ தெரியாது.